அரண்மனைக்காரன் தெருவில் துயிலும் ஒரு தந்தை

செவ்வாய்க்கிழமைகளில் நம் பங்கு மக்களில் பலர் பேருந்து ஏறிச் சென்னை அரண்மனைக்காரன் தெருவிலுள்ள புனித அந்தோணியார் திருத்தலத்திற்குச் சென்று வருவதை நாம் அறிவோம். அந்தத் தெருவில் அரண்மனை எதையும் நாம் கண்டதில்லை. அர்மேனியன் தெரு என்பதே நம் மக்கள் நாவில் அவ்வாறு திரிந்து நின்றுவிட்டது. அந்தோணியாரைத் தரிசித்துவிட்டு அப்படியே திரும்பிவிடும் நாம், அடுத்தாற்போல் இருக்கும் பழைய அர்மேனியக் கோயிலுக்குள் நுழைவதில்லை. தேவதாயின் பெயரால் 1712-இல் எழுப்பப்பட்டு, 1772-இல் மீண்டும் கட்டப்பட்ட கோயில் அது. அதன் வளாகத்தில் அடக்கம் பெற்றிருக்கும் ஒரு குருவானவரைப் பற்றி இந்த விழா மலரில் எழுத விரும்பினோம். அவர் பெயர் ஹரூத்தியூன் ஷ்மாவோனியன்.

அர்மேனியர் நமக்கு முற்றும் அந்நியர் அல்லர். பரங்கிமலைக்கு நாம் ஏறும் படிகளைக் கட்டுவித்தவர் கோஜா பெத்ருஸ் உஸ்கான் என்னும் அர்மேனிய வணிகரே. சைதாப்பேட்டையில் அடையாற்றின்மேல் 1726-இல் பாலம் அமைத்தவரும் அவரே. எனினும் அம்மக்களின் கதை துயரமானது. 1604-05-ஆம் ஆண்டுகளில் பாரசீக மன்னர் ஷா அப்பாஸ், ஜுல்பா என்ற அவர்களுடைய நகரையே காலி செய்வித்து, மக்களை இஸ்பகானுக்கு அருகே கொண்டுபோய்க் குடியேற்றினார். அங்கிருந்து வாணிபத்தின் பொருட்டுப் பல நாடுகளுக்கும் பிரிந்தவர்களில் ஒரு பகுதியினரே சென்னைக்கு வந்து சேர்ந்தனர்.

ஷ்மாவோனியன் 1750-இல் பாரசீகத்தின் ஷீராஸ் நகரில் பிறந்தார். அர்மேனியத் திருச்சபை நம் உரோமைத் திருச்சபையோடு இணைந்ததன்று. அங்கே மணமானவர்களும் குருப்பட்டம் பெறலாம். ஆகவே நம் குருவானவர் ஒரு கணவர், இரு ஆண்மக்களின் தந்தை. பலிபீடத்திலிருந்து வீடு திரும்பினால் பிள்ளைகள் ஓடிவந்து காலைக் கட்டிக்கொள்ளும் வாழ்வு எம் போன்ற குருக்களுக்கு இல்லை. அதனை அவர் பெற்றிருந்தார். பெற்றதை இழக்கவும் செய்தார். மிகக் குறுகிய காலத்தில் அந்த இரு மகன்களும் அடுத்தடுத்து இறந்துபோயினர்.

அவர் உலகை விட்டு ஒதுங்கினார். பாரசீகத் துறவிகளிடையே பல ஆண்டுகள் தனித்து வாழ்ந்து, அவர்களுடைய மொழியில் தேர்ச்சி பெற்றார். கிறிஸ்தவக் குரு ஒருவர் வேற்றுச் சமயத்தாரிடம் போய் ஆறுதல் தேடியதைச் சிலர் குறையாகக் கருதலாம். எமக்கு அவ்வாறு தோன்றவில்லை. பிள்ளைகளைப் புதைத்த ஒருவன் எந்த நிழலில் உட்கார்ந்தால் என்ன?

இதை எழுதும்போது ஒரு மாலைப் பொழுது நினைவுக்கு வருகிறது. ஒரகடம் பக்கம் ஒப்பந்தத் தொழிலாளியாக இருந்த சார்க்கண்டு நாட்டு இளைஞர் ஒருவர், கைக்குழந்தையை இழந்து, நம் கல்லறைத் தோட்டத்தில் இடம் கேட்டு வந்தார். அவருக்குத் தமிழ் தெரியாது, எமக்கு இந்தி தெரியாது. உடன் தங்கியிருந்த நண்பர் ஒருவர்தான் இடையில் நின்று பேசினார். சடங்கைத் தமிழிலேயே நடத்தினோம். அவர் ஒவ்வொரு செபத்திற்கும் தலையசைத்துக்கொண்டே நின்றார். ஒரு சொல்லும் புரிந்திராது. குருமடத்தில் இலத்தீனும் கொஞ்சம் எபிரேயமும் கற்ற எமக்கு, அந்தத் தந்தையிடம் சொல்ல நாலு வார்த்தை இல்லாமற் போயிற்று. பிற்பாடு கொஞ்சம் இந்தி கற்றோம். அதற்குள் அவர் வேறு ஊருக்கு வேலை மாறிப் போய்விட்டார்.

ஷ்மாவோனியன் 1784-இல் சென்னைக் கோயிலின் குருவாக வந்தார். அப்போது அவருக்கு வயது முப்பத்து நான்கு. இங்கிருந்த அர்மேனியர் தொகையில் சிறியவர்கள். நாடில்லை, அரசில்லை. தம் இனத்தார் ஒருவரைப் பற்றி ஒருவர் அறியவும் வழியில்லை. 1789-இல் அவர் ஓர் அச்சகம் அமைத்தார். அச்செழுத்துகளைத் தாமே வார்த்தார். தாளையும் தாமே செய்துகொண்டார். அவர் கற்ற பாரசீக மொழியும் வீண்போகவில்லை. அரபு எழுத்தில் நூல்கள் அச்சிட ஆற்காட்டு நவாபு அவருக்கு அனுமதி அளித்தார்.

1794 அக்டோபரில் அவருடைய மாத இதழ் வெளிவந்தது. பெயர் அஸ்தரார். செய்தி அறிவிப்பவர் என்று பொருள். உலகில் எங்குமே அர்மேனிய மொழியில் தோன்றிய முதல் இதழ் இதுதான். அர்மேனியாவில் அன்று, இஸ்பகானில் அன்று, நம் சென்னையில்! கப்பல்கள் வந்துபோகும் விவரம், சரக்கு விலை, தாயகச் செய்தி, மரண அறிவிப்பு எல்லாம் அதில் இருந்தன. பிழைப்புக்காக வெளியூர் வந்தவனுக்கு இவற்றைவிட வேறென்ன வேண்டும்? இன்று ஓரிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்து நம் சிப்காட் பகுதியில் அறைக்கு ஆறு பேராகத் தங்கியிருக்கும் பிள்ளைகள் இரவில் கைபேசியில் தேடுவதும் அதே வீட்டுச் செய்தியைத்தானே.

சந்தாதாரர் மிகக் குறைவு. பணமுடை நெருக்கியது. பதினெட்டு இதழ்களோடு 1796 மார்ச்சில் அஸ்தரார் நின்றுபோயிற்று. இது தோல்வி என்றே அன்று பலருக்குத் தோன்றியிருக்கும். ஆனால் அர்மேனியர்கள் இன்று அவரைத் தங்கள் இதழியலின் தந்தை என்றே அழைக்கிறார்கள்.

இதழ் நின்ற பின்னரும் அவர் ஊர் திரும்பவில்லை. இன்னும் இருபத்தெட்டு ஆண்டுகள் இதே கோயிலில் பலி நிறைவேற்றி, திருமுழுக்கு அளித்து, இறந்தோரை அடக்கம் செய்துவந்தார். மொத்தம் நாற்பது ஆண்டுப் பணி. 1824 பிப்ரவரி 9-ஆம் நாள், தமது எழுபத்து நான்காம் வயதில் இறைவனடி சேர்ந்தார்.

சென்னையில் அர்மேனியக் குடும்பங்கள் இன்று அநேகமாக இல்லை. கோயிலைக் கல்கத்தாவிலுள்ள அர்மேனியர்கள் பராமரித்து வருகிறார்கள். தனியே நிற்கும் கோபுரத்தில் ஆறு பெரிய மணிகள் உள்ளன. நடைபாதையெங்கும் கல்லறைக் கற்கள். அடுத்த செவ்வாயன்று அந்தோணியாரிடம் போகிறவர்கள், கதவு திறந்திருந்தால் உள்ளேயும் போய்வாருங்கள். கல்லில் உள்ள எழுத்து நம்மால் படிக்க முடியாதது. காவலரைக் கேட்டால் அவருடைய கல்லறையைக் காட்டுவார்.