அணுவின் ஆலையை நிறுத்திய டாக்டர்

மெட்ரிக்குலேஷன் பரீட்சையில் இரண்டு முறை தோற்றவர். மூன்றாம் முறை தேறினார். பின்னாளில் அவர் தந்த மருந்துகள் உலகெங்கும் உயிர் காத்தன. அவர்தான் டாக்டர் எல்லப்பிரகத சுப்பாராவ்.

அன்றைய சென்னை ராஜதானியைச் சேர்ந்த பீமவரத்தில் 1895-ம் ஆண்டு பிறந்தார். உடன் பிறந்தவர் இருவரை 'ஸ்புரூ' என்ற வயிற்று நோய் கொண்டுபோயிற்று.

கதர் அங்கி

சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். காந்தியடிகளின் அழைப்பை ஏற்று, அறுவை வகுப்புக்கும் கதர் அங்கியோடு போனார். வெள்ளைக்காரப் பேராசிரியர் சினந்தார். உயர்ந்த பட்டம் கைநழுவியது, எல்.எம்.எஸ். பட்டமே கிடைத்தது.

மனைவியை ஊரில் விட்டுவிட்டு அமெரிக்கா போனார். திரும்பவே இல்லை! ஆஸ்பத்திரியில் எடுபிடி வேலை பார்த்துக்கொண்டே ஹார்வர்டில் ஆராய்ந்தார். 1940-ல் லெடர்லி மருந்துக் கம்பெனியில் சேர்ந்தார். 1945-ல் அவரது குழுவினர் போலிக் அமிலம் என்ற வைட்டமினைச் செயற்கையாகச் செய்தனர். சகோதரர்களைக் கொன்ற ஸ்புரூ நோய்க்கு அதுவே மருந்தாயிற்று!

போலி வைட்டமின்

அடுத்தது புற்றுநோய். திருச்சியை அடுத்த மண்ணச்சநல்லூர், அரிசி ஆலைகளுக்குப் பெயர் போன ஊர். நெல்லைப் போன்ற இரும்பு மணி ஆலையில் விழுந்தால் என்ன ஆகும்? இயந்திரம் சிக்கி நிற்கும்.

உடலின் அணுக்களிலும் ஆலைகள் உண்டு. அவற்றின் பெயர் நொதி. ஒரு நொதி போலிக் அமிலத்தைப் பக்குவப்படுத்தித் தந்தால்தான் அணு பெருகும். சுப்பாராவின் குழுவினர் அந்த வைட்டமினைப் போலவே தோன்றும் 'அமினோப்டெரின்' மருந்தைச் செய்தனர். நொதி ஏமாந்து அதைப் பற்றிக்கொள்ளும், வேலை நின்றுவிடும்.

பாஸ்டன் டாக்டர் சிட்னி பார்பர், இரத்தப் புற்றுநோய் கண்ட 16 குழந்தைகளுக்கு இதைக் கொடுத்தார். 10 பேருக்கு நோய் தணிந்தது. 1948-ல் செய்தி வெளிவந்தது. தணிவு தற்காலிகமே. ஆனால் அதுவரை அந்த நோய்க்கு அந்த அளவு பலனும் கிடைத்ததில்லை.

அதே ஆண்டு ஆகஸ்டில் மாரடைப்பு சுப்பாராவைக் கொண்டுபோயிற்று. வயது 53.

அவர் காலத்தில் பிறந்த மெதோட்ரெக்சேட் மருந்தை டாக்டர்கள் இன்றும் கொடுக்கிறார்கள். நொதியைத் தடுக்கும் வழியும் வளர்ந்தது. குழந்தைகளின் நரம்புத் திசுவில் தோன்றும் புற்றுநோய் 'நியூரோபிளாஸ்டோமா'. அது கடுமையாகத் தாக்கிய குழந்தைகளுக்கு, சிகிச்சை முடிந்தபின் நோய் திரும்பாமல் காக்க 'எப்லார்னிதின்' என்ற மாத்திரையை 2023-ல் அமெரிக்க அரசு அனுமதித்தது. இது வேறொரு நொதியைத் தடுப்பது, சுப்பாராவ் செய்ததல்ல. ஆனால் வழி அதே வழிதான்.