ஒனாசிஸின் இமைகள்

சூயஸ் நெருக்கடியைக் கற்பிக்கும்போதெல்லாம் அரிஸ்டாட்டில் ஒனாசிஸை எடுத்துக்காட்டாகச் சொல்வேன். 1906-இல் ஸ்மிர்னாவில் பிறந்து, அகதியாகி, பியூனஸ் அயர்ஸுக்குப் பிழைக்கப் போனவர். எண்ணெய் நிறுவனங்களின் புறக்கணிப்பால் சும்மா நின்ற அவருடைய கப்பல்களுக்கு, 1956-இல் கால்வாய் மூடியதும் பெரும் கிராக்கி ஏற்பட்டது. வகுப்பில் நான் சொன்னது இவ்வளவே.

இறுதி ஆண்டுகளில் அவர் இமைகளைத் தூக்கி நிறுத்தப் பிளாஸ்திரி ஒட்டிக்கொண்டார். 1973 ஜனவரியில் விமான விபத்தில் மகனை இழந்த துயரம் அவரை உருக்குலைத்தது உண்மைதான். ஆனால், இமைகளை இறக்கியது மயஸ்தீனியா கிராவிஸ் என்னும் நோய். நரம்பின் கட்டளையைத் தசை ஏற்கும் இடத்தை உடலின் எதிர்ப்பொருள்களே தாக்குகின்றன. காலையில் தெம்பு, மாலையில் தளர்ச்சி, ஓய்வெடுத்தால் மீண்டும் தெம்பு. இந்த ஏற்ற இறக்கத்தால்தான் பலருக்கு இது சோம்பல் என்றும் மனச்சோர்வு என்றும் தோன்றிவிடுகிறது. காலையில் மருத்துவர் முன் அமரும் நோயாளியிடம் குறையே தெரியாமல் போகலாம். மாலையில் எப்படி இருந்தது என்று கேட்டாக வேண்டும்.

இந்த எதிர்ப்பொருள்களின் பங்கை முயல்களில் நடந்த ஆய்வு காட்டியதும் அதே 1973-இல்தான். இன்று பெரும்பாலோருக்கு ஓர் இரத்தப் பரிசோதனையே நோயை உறுதிசெய்துவிடுகிறது. 1975 மார்ச் 15 அன்று பாரிஸை ஒட்டிய நியூயியில் ஒனாசிஸ் இறந்தபோது அந்தப் பரிசோதனை புழக்கத்துக்கு வந்திருக்கவில்லை.