மூக்கில் ஏறிய கட்டை விரல்

உங்கள் கட்டை விரலை ஒரு முறை பாருங்கள். அதை எடுத்து மூக்கின் மேல் ஒட்ட வைத்தால் எப்படி இருக்கும்? சிரிப்பு வருகிறது அல்லவா? ஒரு டைனோசருக்கு இப்படித்தான் நடந்தது. அதன் கட்டை விரல் எலும்பு, ஏறத்தாழ 50 ஆண்டுகள் மூக்கில் கொம்பாக நின்றது. அதை அங்கே வைத்தவர் விவரம் தெரியாதவர் அல்ல. டைனோசர் ஆராய்ச்சிக்கு அடித்தளம் இட்டவர்களில் ஒருவரான டாக்டர் கிடியன் மாண்டெல்தான் அவர்.

இங்கிலாந்தில் சசெக்ஸ் பகுதியில் லூயிஸ் என்று ஓர் ஊர். அங்கே 1790ஆம் ஆண்டு பிப்ரவரி 3ஆம் நாள் மாண்டெல் பிறந்தார். தந்தை காலணி செய்யும் தொழிலாளி. அந்த ஊரைச் சுற்றிலும் சுண்ணாம்புக் குன்றுகள். அவற்றில் கல்லாகிப் போன கிளிஞ்சல்களைத் தேடிச் சேர்ப்பதில் சிறுவன் கிடியனுக்குக் கொள்ளை ஆசை. வளர்ந்து மருத்துவரான பிறகும் அந்த ஆசை போகவில்லை. பகலில் நோயாளிகளைப் பார்ப்பார். இரவில் கண் விழித்துக் கற்களைச் செதுக்கி எலும்புகளை வெளியே எடுப்பார். 1816இல் அவருக்குத் திருமணம் நடந்தது. மனைவி மேரி ஆன், கணவரின் புத்தகத்துக்குப் படங்கள் செதுக்கித் தந்தார்.

கக்ஃபீல்டு என்னும் ஊருக்குப் பக்கத்தில் ஒரு கல் குவாரி இருந்தது. 1822ஆம் ஆண்டுக்குள் அந்தப் பகுதியிலிருந்து சில விசித்திரமான பற்கள் மாண்டெலுக்குக் கிடைத்தன. முதல் பல்லைச் சாலை ஓரத்தில் மேரிதான் கண்டெடுத்தார் என்று ஒரு கதை உண்டு. அதற்கு உறுதியான சான்று இல்லை. பற்கள் பெரியவை, நுனி தேய்ந்து மழுங்கியிருந்தன. தழையை மென்று தின்னும் விலங்கின் பல்தான் அப்படித் தேயும். ஆனால் அந்தப் பாறையோ மிகப் பழையது. பெரிய பாலூட்டிகள் தோன்றாத காலத்தது. அப்படியானால் இது தழை தின்ற ஒரு ராட்சத ஊர்வனவாக இருக்க வேண்டும் என்று மாண்டெல் நினைத்தார்.

அறிஞர்கள் பெரும்பாலோர் ஏற்கவில்லை. மீனின் பல் என்றார்கள் சிலர். 1823இல் ஒரு பல் பாரிஸ் நகரில் இருந்த ஜார்ஜ் குவியேயிடம் போனது. எலும்பு ஆராய்ச்சியில் அன்று உலகிலேயே பெரிய ஆள் அவர். காண்டாமிருகத்தின் பல் என்று அவர் சொல்லிவிட்டார்!

மாண்டெல் மனம் தளரவில்லை. லண்டனில் இருந்த மருத்துவ அருங்காட்சியகத்துக்குப் போய் ஒவ்வொரு பல்லாக ஒப்பிட்டுப் பார்த்தார். அங்கே பணியாற்றிய சாமுவேல் ஸ்டட்ச்பரி ஓர் இகுவானாவைக் காட்டினார். இகுவானா என்பது அமெரிக்க நாடுகளில் வாழும், ஓணான் போன்ற பிராணி. அதன் பல்லும் இந்தப் பல்லும் ஒரே சாயல்! அளவில்தான் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வேறுபாடு. குவியேயும் 1824இல் தம் தவற்றை ஒப்புக்கொண்டார். இகுவானாவின் பல் போன்ற பல் உடையது என்ற பொருளில், 1825இல் மாண்டெல் அந்த விலங்குக்கு இகுவானோடான் என்று பெயர் வைத்தார்.

பல் சரி, உடல் எப்படி இருக்கும்? 1834இல் மெய்ட்ஸ்டோன் என்ற ஊரில் பாறையை வெடி வைத்துத் தகர்த்தபோது ஒரு குவியல் எலும்புகள் வெளிப்பட்டன. நண்பர்கள் 25 பவுண்டு கொடுத்து அதை வாங்கி மாண்டெலுக்குப் பரிசளித்தார்கள். அவர் மருத்துவர் அல்லவா? எந்த எலும்பு எது என்று பார்ப்பது அவருக்குக் கைவந்த கலை. வில்லைப் போல வளைந்து, முதுகெலும்பைத் தொடும் முனை இரண்டாகக் கிளைத்திருந்தால் அது விலா எலும்பு. தடித்து நீண்டு, இரு முனையும் பருத்திருந்தால் கை அல்லது கால் எலும்பு. குட்டையாக, நடுவில் சற்று ஒடுங்கியிருந்தால் விரல் எலும்பு.

ஆனால் முன்பே கிடைத்திருந்த ஒரு கூம்பு எலும்பு மட்டும் அவருக்குப் பிடிபடவே இல்லை. அது தனியாகக் கிடைத்த எலும்பு. பக்கத்தில் எந்த எலும்பு இருந்தது என்று தெரியாது. சில இகுவானாக்களுக்கு மூக்கில் சிறு கொம்பு உண்டு. ஆகவே இதுவும் மூக்குக் கொம்புதான் என்று முடிவு செய்தார்.

எலும்புகளுக்காக மாண்டெல் கொடுத்த விலை அதிகம். பிரைட்டன் நகரில் அவருடைய வீடே அருங்காட்சியகம் ஆனது. பார்க்க வந்த கூட்டம் பெருகியது, நோயாளிகள் குறைந்தார்கள். கடைசியில் தம் சேகரிப்பு முழுவதையும் 1838இல் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்துக்கு 4,000 பவுண்டுக்கு விற்றார். அடுத்த ஆண்டு மனைவியும் பிரிந்து போனார். 1841இல் குதிரை வண்டி விபத்தில் அவருடைய முதுகெலும்பு பாதிக்கப்பட்டது. பிறகு வாழ்நாள் முழுவதும் வலிதான்.

அந்த வலியோடும் அவர் ஆராய்ச்சியை விடவில்லை. ஒரு மாபெரும் மேல் கை எலும்பை ஆராய்ந்தார். அதன் உள்ளே மஜ்ஜை இருந்த குழாய் தெரிந்தது. ஆகவே அது கடலில் நீந்திய விலங்கு அல்ல, நிலத்தில் நடந்த விலங்கு என்று கண்டுகொண்டு, 1850இல் அதற்குப் பெலோரோசாரஸ் என்று பெயரிட்டார். இகுவானோடானின் முன்கால்கள் பின்கால்களைவிடச் சிறியவை என்பதையும் கடைசிக் காலத்தில் உணர்ந்தார். புதிய எலும்பு கிடைத்ததும் பழைய கருத்தைத் திருத்திக்கொள்ள அவர் வெட்கப்படவில்லை. 1852ஆம் ஆண்டு நவம்பர் 10ஆம் நாள் காலமானார்.

கூம்பு எலும்பின் புதிர் அவர் இருந்தவரை அவிழவில்லை. 1878இல் பெல்ஜியம் நாட்டில் பெர்னிசார் என்ற ஊரின் நிலக்கரிச் சுரங்கத்தில், 300 மீட்டருக்கும் கீழே, இகுவானோடான்கள் கூட்டமாகக் கிடைத்தன. மொத்தம் 30க்கும் மேல்! பலவற்றில் எலும்புகள் இடம் மாறாமல் அப்படியே இருந்தன. லூயி டோலோ என்ற அறிஞர் அவற்றை ஆராய்ந்தார். மூக்கில் கொம்பு இல்லை. இரண்டு கைகளிலும் ஆளுக்கொன்றாகக் கூம்பு எலும்பு, கட்டை விரலாக நின்றது!

லண்டன் கிரிஸ்டல் பேலஸ் பூங்காவில் 1854இல் திறக்கப்பட்ட இகுவானோடான் சிலைகள் இன்றும் இருக்கின்றன, மூக்கில் கொம்போடு. 2007இல் ஒரு டைனோசருக்கு மாண்டெல்லிசாரஸ் என்று மாண்டெலின் பெயரே சூட்டப்பட்டது. கட்டை விரலில் தவறியவரை உலகம் மறக்கவில்லை.

குழந்தைகளே, கல்லில் எலும்பு போல ஏதாவது கண்ணில் பட்டால் உடனே பெயர்த்து எடுக்காதீர்கள். அது கிடக்கும் இடத்தையும், பக்கத்தில் இருப்பதையும் குறித்துக்கொண்டு பெரியவர்களிடம் சொல்லுங்கள். ஓர் எலும்பு யாருடையது, எங்கே இருந்தது என்பதை அதன் பக்கத்து எலும்புதான் சொல்லும். மாண்டெலுக்குக் கிடைக்காமல் போனது அந்த ஒன்றுதான்.