ஆங்கிலத்தில் முதலிடம், ஆசிரியர் வேலை மட்டும் இல்லை

ஓசூரில் காலை நேரத்து டவுன் பஸ்ஸில் ஏறினால் மூன்று மொழிகள் காதில் விழும். தமிழ், தெலுங்கு, கன்னடம். தளி, பாகலூர், தேன்கனிக்கோட்டைப் பக்கத்துப் பிள்ளைகள் மூன்றையும் கலந்தே பேசுவார்கள். நான்காவதாக ஆங்கிலம் என்று வரும்போதுதான் தயக்கம் வருகிறது. சிப்காட் கம்பெனியில் நேர்முகத் தேர்வு என்றாலும், எல்லை தாண்டி பெங்களூரில் வேலை என்றாலும் ஆங்கிலம் கேட்கிறார்கள். அதனால் நம் காலனிகளிலிருந்து முதல் தலைமுறையாகக் கல்லூரிக்குப் போகும் பிள்ளைகள் சிலர் துணிந்து பி.ஏ. ஆங்கில இலக்கியத்தில் சேர்கிறார்கள்.

சேர்ந்தவர்கள் எல்லோரும் முடிப்பதில்லை. பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ் வழியில் படித்த பிள்ளைக்கு முதல் பருவத்திலேயே ஷேக்ஸ்பியர் வந்து நிற்கிறார். வாய் திறந்தால் சிரிப்பார்களோ என்ற பயம். சேரிப் பிள்ளைக்கு எதற்கு இங்கிலீஷ் என்று எங்கோ காதில் விழுந்த ஒரு பேச்சு. இரண்டு அரியர் விழுந்ததும் ஒப்பந்தத் தொழிலாளியாகக் கம்பெனி வண்டியில் ஏறிவிடுகிறார்கள். அப்படிப் படிப்பை விட்ட பிள்ளைகளின் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து நாம் பேசியிருக்கிறோம். அவர்களுக்காகவே இன்று கே.ஆர். நாராயணனின் கதையைச் சொல்கிறோம்.

இந்தியாவின் முதல் தலித் குடியரசுத் தலைவர் என்று பாடப் புத்தகத்தில் அவரைப் பற்றிப் படித்திருப்போம். அவர் கல்லூரியில் படித்தது ஆங்கில இலக்கியம் என்பது நம்மில் பலருக்குத் தெரியாது.

கேரளத்தின் கோட்டயம் மாவட்டத்தில் உழவூர் என்ற ஊர். அங்கே ஓலைக் குடிசையில், ஏழு பிள்ளைகளில் நான்காவதாகப் பிறந்தார். தீண்டத்தகாதவர்கள் என்று ஒதுக்கப்பட்ட பரவன் சாதி. தந்தை ராமன் வைத்தியர் நாட்டு மருத்துவம் பார்த்தவர். ஊரில் மரியாதை இருந்தது, வீட்டில் வறுமையும் இருந்தது. பதிவேட்டில் பிறந்த தேதி 1920 அக்டோபர் 27.

பள்ளிக்கு வயல் வரப்புகளில் தினமும் சுமார் 15 கிலோமீட்டர் நடந்தார். ஓசூரிலிருந்து அத்திப்பள்ளிக்கு நடந்து போய்த் திரும்புவதற்கு ஏறக்குறைய அவ்வளவு தூரம் ஆகும். கட்டணம் கட்டாத நாட்களில் வகுப்புக்கு வெளியே நிற்க வைத்தார்கள். வெளியே நின்றபடியே பாடம் கேட்டார். புத்தகம் வாங்கக் காசில்லை. மூத்த அண்ணன் நீலகண்டன் ஆஸ்துமாவால் வீட்டோடு முடங்கியவர். மற்ற மாணவர்களிடம் புத்தகத்தை இரவல் வாங்கி, கையால் எழுதித் தம்பியிடம் கொடுத்தார். அந்தக் கையெழுத்துப் பிரதிகளில் படித்துத்தான் நாராயணன் பள்ளிப் படிப்பை முடித்தார்.

மதிப்பெண்ணைப் பார்த்துத் திருவிதாங்கூர் அரச குடும்பத்தின் உதவித்தொகை கிடைத்தது. கோட்டயம் சி.எம்.எஸ். கல்லூரியில் 1938 முதல் 1940 வரை இன்டர்மீடியட் படித்தார். பிறகு திருவனந்தபுரம் போய், திருவிதாங்கூர் பல்கலைக்கழகத்தில் ஆங்கில இலக்கியம் எடுத்தார். 1943இல் ஆனர்ஸ் தேர்வில் முதல் வகுப்பு, பல்கலைக்கழகத்திலேயே முதலிடம். திருவிதாங்கூரில் ஒரு தலித் மாணவர் இந்தப் படிப்பில் முதல் வகுப்பு பெற்றது அதுவே முதல் முறை.

முதலிடம் பெற்றவர் அதே பாடத்தைக் கற்பிக்க விரும்புவது இயல்பு. அவரும் விரிவுரையாளர் வேலை கேட்டார். கிடைக்கவில்லை. அப்போது திவானாக இருந்தவர் சர் சி.பி. ராமசாமி அய்யர். 1936இல் எல்லா இந்துக்களும் கோயிலுக்குள் போகலாம் என்று பிரகடனம் செய்து நாடெங்கும் பாராட்டு வாங்கியது அந்த அரசு. கோயில் கதவைத் திறந்த அதே நிர்வாகம், முதல் வகுப்பில் தேறிய தலித் பட்டதாரிக்கு ஆசிரியர் நாற்காலியைக் கொடுக்கவில்லை. குமாஸ்தா வேலை வேண்டுமானால் தருகிறோம் என்றது.

இந்த இடத்தில் மாணவர்கள் கொஞ்சம் நிற்க வேண்டும். நன்றாகப் படித்தால் சாதி போய்விடும் என்று நம் பிள்ளைகளிடம் பலர் சொல்கிறார்கள். நாராயணனைவிட நன்றாகப் படித்தவர் அவருடைய ஆண்டில் யாரும் இல்லை. ஆனாலும் சாதி போகவில்லை. குறை படிப்பில் இல்லை, வேலை கொடுக்கும் இடத்தில் இருந்தது. அதை அந்த இளைஞர் தெளிவாகப் புரிந்துகொண்டார். குமாஸ்தா வேலையை ஏற்கவில்லை. பட்டமளிப்பு விழாவில் பட்டம் வாங்கவும் மறுத்தார். அந்தச் சான்றிதழுக்காகத்தான் அண்ணன் இரவெல்லாம் எழுதினார், தம்பி மைல் கணக்கில் நடந்தார். அதையே வேண்டாம் என்று சொல்ல எவ்வளவு நெஞ்சுரம் வேண்டும்!

பட்டத்தை விட்டவர் படித்த மொழியை விடவில்லை. டெல்லிக்குப் போனார். 1944, 45இல் தி இந்து, டைம்ஸ் ஆஃப் இந்தியா நாளிதழ்களில் பத்திரிகையாளராக வேலை செய்தார். 1945 ஏப்ரலில் மும்பையில் காந்தியைப் பேட்டி கண்டார். அதே ஆண்டு ஜே.ஆர்.டி. டாட்டாவின் உதவியோடு லண்டன் பொருளாதாரப் பள்ளிக்குப் போய், பேராசிரியர் ஹெரால்டு லாஸ்கியிடம் அரசியல் படித்தார். 1948இல் திரும்பும்போது லாஸ்கி நேருவுக்கு ஒரு அறிமுகக் கடிதம் கொடுத்து அனுப்பினார். 1949இல் நாராயணன் இந்திய வெளியுறவுப் பணியில் சேர்ந்தார். ரங்கூன், டோக்கியோ, லண்டன் என்று பல ஊர்களில் பணி. தாய்லாந்து, துருக்கி, சீனா, அமெரிக்கா ஆகிய நாடுகளில் தூதர். உள்ளூரில் வகுப்பறைக்குள் விடாத ஆங்கிலம் உலக நாடுகளின் முன் இந்தியாவுக்காகப் பேசியது.

1979இல் டெல்லி ஜவகர்லால் நேரு பல்கலைக்கழகத்தின் துணைவேந்தரானார். விரிவுரையாளர் நாற்காலி மறுக்கப்பட்டு 36 ஆண்டுகள் ஆகியிருந்தன. ஒற்றப்பாலம் தொகுதியில் மூன்று முறை வென்று மக்களவைக்குப் போனார். 1992இல் குடியரசுத் துணைத் தலைவர். 1997 ஜூலை 25 முதல் ஐந்தாண்டுகள் குடியரசுத் தலைவர்.

ராஷ்டிரபதி பவனில் அவர் நீட்டிய இடத்தில் கையெழுத்துப் போடவில்லை. 1997இல் உத்தரப் பிரதேச ஆட்சியைக் கலைக்கச் சொல்லி மத்திய அமைச்சரவை அனுப்பிய பரிந்துரையை மறுபரிசீலனைக்குத் திருப்பி அனுப்பினார். 1998 தேர்தலில் வரிசையில் நின்று வாக்களித்தார். உச்ச நீதிமன்ற நீதிபதிகள் நியமனக் கோப்பு மேசைக்கு வந்தபோது, பட்டியல் சாதி, பழங்குடியினரிலும் தகுதியானவர்கள் இருக்கிறார்கள், அவர்களையும் பார்க்க வேண்டும் என்று கோப்பிலேயே எழுதினார். அரசியலமைப்பை மறு ஆய்வு செய்யப்போவதாக அரசு சொன்னபோது, 2000 ஜனவரியில் நாடாளுமன்ற மைய மண்டபத்தில் அவர் பேசினார். குறை அந்தச் சட்டத்தில் இருக்கிறதா, அதைக் கையாண்டவர்களிடம் இருக்கிறதா என்று அவையையே யோசிக்க வைத்தார்.

தகுதி இருந்தும் நாற்காலி மறுக்கப்படுவது எப்படி வலிக்கும் என்பதை 1943இலேயே அறிந்தவர் எழுதிய குறிப்பு அது. 2005 நவம்பர் 9 அன்று அவர் மறைந்தார்.

இந்தக் கதையிலிருந்து நம் பிள்ளைகள் இரண்டை எடுத்துக்கொள்ளலாம். ஒன்று, ஆங்கிலம் யார் வீட்டுச் சொத்தும் அல்ல. இரவல் புத்தகத்தைக் கையால் எழுதிப் படித்தவருக்கு வசப்பட்டது நமக்கும் வசப்படும். இன்னொன்று, படிப்பு மட்டும் போதாது. மறுக்கப்படும்போது அதை மறுப்பு என்று சொல்லும் துணிச்சலும் வேண்டும்.

நாராயணன் தனியாக நின்று ஜெயிக்கவில்லை. அண்ணனின் கை இருந்தது, உதவித்தொகை இருந்தது. இன்று பட்டியல் சாதி மாணவர்களுக்கு போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை இருக்கிறது. ஆதிதிராவிடர் நலத் துறை நடத்தும் விடுதிகள் இருக்கின்றன. அரசுப் பள்ளியில் படித்துவந்த பெண்களுக்குப் புதுமைப் பெண் திட்டத்திலும், பையன்களுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டத்திலும் மாதம் 1000 ரூபாய் வருகிறது. இவை சலுகை அல்ல, உரிமை. கேட்டு வாங்குங்கள். பணம் தாமதமானால் கல்லூரி அலுவலகத்திலும் ஆட்சியர் அலுவலகத்திலும் மனு கொடுங்கள்.

ஊரில் படித்து முடித்த அண்ணன்களுக்கும் அக்காக்களுக்கும் ஒரு வேண்டுகோள். உங்கள் பழைய ஆங்கிலப் புத்தகங்களையும் நோட்டுகளையும் எடைக்குப் போடாதீர்கள். பக்கத்துத் தெருவில் முதல் பருவத்தில் திணறும் ஒரு பிள்ளை இருக்கும். ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணி நேரம் அந்தப் பிள்ளையோடு உட்காருங்கள். நீலகண்டன் செய்தது அதைத்தான்.