நீரும் நிலமும் கேட்ட அண்ணல்

அண்ணல் அம்பேத்கர் அவர்களைச் சட்ட மேதை என்றும் அரசியலமைப்பின் சிற்பி என்றும் போற்றுகின்றோம். போற்றுதல் தகும். ஆயினும், ஊர்க்குளத்துக்கும் வயலுக்கும் யார் உரியவர் என்னும் வினாவோடு அவர் வாழ்நாள் முழுவதும் போராடினார் என்பதை நம் இளைஞர் பலர் அறியார். அவ்வரலாற்றை ஈண்டுச் சுருக்கமாகக் கூற விழைகின்றோம்.

1891ஆம் ஆண்டு ஏப்ரல் 14ஆம் நாள், படைத்துறையில் பணியாற்றிய இராம்ஜி சக்பாலின் மகனாக, மாவ் என்னும் படைவீட்டு நகரில் அவர் பிறந்தார். முன்னோர் ஊர் கொங்கணத்து அம்படவே. சாத்தாராவில் பயின்ற காலத்தில் பள்ளித் தண்ணீர்க் குழாயைத் தொடும் உரிமை அச்சிறுவனுக்கு இல்லை. பள்ளிச் சேவகன் திறந்துவிட்டால் குடிக்கலாம். சேவகன் இல்லையெனில் தாகத்தோடு வீடு திரும்ப வேண்டும். பின்னர் நியூயார்க்கிலும் இலண்டனிலும் பொருளியல் கற்ற அப்பெருமகனார் 1918இல் எழுதிய ஆய்வுக் கட்டுரை ஒன்று, இந்தியாவின் சிறு நில உடைமைகளைப் பற்றியதாகும். நிலத்தின் பரப்பை மட்டும் பார்த்துப் பயனில்லை, உழவனிடம் முதலும் கருவியும் உண்டா என்று பார்க்க வேண்டும் என்பது அதன் சாரம்.

இனி மகாத்துக்கு வருவோம். கொலாபா மாவட்டத்துச் சிறு நகரம் அது. அங்குள்ள சவதார் குளத்தின் பெயருக்குச் சுவையுடையது என்பது பொருள். 1923இல் எஸ். கே. போலே என்பார் பம்பாய்ச் சட்டமன்றத்தில் கொண்டுவந்த தீர்மானத்தின்படி, பொதுப்பணத்தில் பேணப்படும் குளங்களும் கிணறுகளும் தீண்டப்படாதார் எனப்பட்டோர்க்கும் உரியவையாயின. 1924இல் மகாத் நகராட்சியும் அதனை ஏற்றது. ஏற்று என்ன பயன்? ஏட்டில் தீர்மானம் இருந்தது. கரையில் கால் வைக்கத் துணிந்தவர் ஒருவரும் இலர். குளத்தைச் சுற்றி இருந்தவை மேல்சாதியினர் வீடுகள்.

1927 மார்ச்சு 19, 20 நாள்களில் கொலாபா மாவட்ட ஒடுக்கப்பட்டோர் மாநாடு அங்குக் கூடிற்று. ஆயிரக்கணக்கில் வந்த மக்களுக்குக் குடிநீர் வேண்டி 40 ரூபாய் கொடுத்துத் தண்ணீர் வாங்கினர் என்பர். குளம் நிறைய நீர் இருந்த ஊரிலேதான் இக்கொள்முதல்! இரண்டாம் நாள் அண்ணல் முன்னே செல்ல, மக்கள் வரிசையாகக் குளக்கரை சென்றனர். அவர் இறங்கி நீரை அள்ளிப் பருகினார்; மற்றவரும் பருகினர். சில மணி நேரத்திற்குள், இவர்கள் வீரேசுவரர் கோயிலுள்ளும் நுழையப் போகின்றனர் என்று புரளி கிளம்பிற்று. தடியேந்திய கூட்டம் பந்தலுட் புகுந்து உண்டுகொண்டிருந்தோரை அடித்தது. திருப்பி அடிக்கும் வலிமை நம் மக்களுக்கு இருந்தும், படைத்துறையில் பணியாற்றியோர் பலர் அவர்களிடையே இருந்தும், அண்ணல் அவர்களை அடக்கி நிறுத்தினார். மேல்சாதியினரோ 108 குடம் பஞ்சகவ்வியக் கலவையை ஊற்றிக் குளத்தைத் ‘தூய்மை’ செய்தனர். மாடு குளித்தால் தீட்டில்லை, மனிதன் குடித்தால் தீட்டு!

ஆகத்து மாதத்தில் நகராட்சி தன் தீர்மானத்தைத் திரும்பப் பெற்றது. டிசம்பர் 25இல் இரண்டாம் மாநாட்டை அண்ணல் கூட்டினார். பந்தலுக்கு இடம் தர இந்துக்களில் எவரும் முன்வரவில்லை. ஓர் இசுலாமியப் பெரியவர் தம் நிலத்தைத் தந்தார். மனுநூல் எரிக்கப்பட்டது அன்றிரவே. ஆனால் குளம் தனியார் சொத்து என்று வழக்காடி எதிர்த்தரப்பார் இடைக்காலத் தடை பெற்றிருந்தமையால், மக்கள் குளத்தைச் சுற்றி ஊர்வலம் வந்து, நீரைத் தொடாமல் திரும்பினர். இவ்வாறு திரும்புதல் பலருக்குக் கசந்திருக்கும். எனினும், அவர் வழக்கையே தொடர்ந்து நடத்தினார். குளம் யாருடையது, அதன்மேல் ஆணை செலுத்துவோர் யார் என்பதை வழக்கு மன்றம் முடிவு செய்தாக வேண்டும் என அவர் கருதினார் போலும். பத்தாண்டு கழிந்து, 1937 மார்ச்சு 17ஆம் நாள், மேல்சாதியினர் கூறிய தொன்றுதொட்ட வழக்கம் மெய்ப்பிக்கப்படவில்லை என்று பம்பாய் உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

நீரைப் போலவே நிலமும் அவர் கருத்தில் இருந்தது. மகார் மக்களுக்கு ஊர்ப்பணிக்கு ஈடாகச் சிறு துண்டு நிலம் ‘வதன்’ என்ற பெயரில் இருந்தது. இரவும் பகலும் ஏவல் செய்ய அவர்களைப் பூட்டிய சங்கிலி அது. 1928இல் அதனை அறுக்க அவர் கொண்டுவந்த மசோதா நிறைவேறவில்லை. 1937 செப்டம்பரில், கொங்கணத்தில் அரசுக்கும் உழவனுக்கும் இடையே நின்று விளைவைப் பறித்த கோத்துகளை ஒழிக்கும் மசோதாவைக் கொணர்ந்தார். அடுத்த சனவரியில் குன்பி உழவரும் மகார் உழவரும் ஒன்றாகத் திரண்டு பம்பாய்ச் சட்டமன்றம் நோக்கி நடந்தனர். தண்ணீரில் பிரிந்திருந்தோர் குத்தகைக் கொடுமையில் ஒன்றுபட்ட காட்சி அது. கோத்து முறை சட்டத்தால் ஒழிந்தது 1949இல்தான்.

1942 முதல் 1946 வரை வைசிராய் மன்றத்தில் தொழிலாளர் துறை உறுப்பினராக இருந்தபோது பாசனமும் மின்சாரமும் அவர் பொறுப்பில் இருந்தன. 1943இல் தாமோதர் ஆறு கரையுடைத்து வங்கத்தை அழித்தது. வெள்ளத்தைத் தடுத்தல், பாசனம், மின்சாரம் ஆகிய மூன்றையும் ஒரே ஆற்றுப்படுகைத் திட்டத்தில் இணைக்க வேண்டும் என்று அவர் வழிநடத்தினார். 1945இல் மத்திய நீர்வழி, பாசன, கப்பல் போக்குவரத்து ஆணையம் தோன்றியது. 1948இல் தாமோதர் பள்ளத்தாக்குக் கழகச் சட்டம் வந்தது. பின்னாளில் அவ்வணைகளால் பழங்குடி மக்கள் பலர் தம் நிலத்தை இழந்தனர் என்பதையும் மறைத்தல் ஆகாது.

ஊரார் நீரை ஊராரே பேணட்டும் என்று கூறாமல், அவர் ஏன் அரசையே நாடினார்? விடை மகாத்தில் இருக்கிறது. ஊர் என்றால் யார்? சேரி அதனுள் அடங்குமா? அடங்காத ஊரிடம் குளத்தை ஒப்படைத்தால் சாவி பழைய கையிலேயே இருக்கும். 1948 நவம்பர் 4இல் அரசியல் நிர்ணய சபையில் அவர் கிராமக் குடியரசைக் கடுமையாகச் சாடியதன் பொருளும் இதுவே. 1947இல் அச்சபைக்கு எழுதிய திட்டத்தில், நிலம் அரசுடைமையாகி, சாதி வேறுபாடின்றி ஊர்மக்களுக்கு அளிக்கப்பட்டு, கூட்டுப் பண்ணையாக உழப்பட வேண்டும் என்றார். நிலக்கிழார், குத்தகையாளர், நிலமற்ற கூலி என்ற பிரிவு இராது. தாழ்த்தப்பட்டோர்க்குத் தரிசு நிலங்களில் தனிக் குடியேற்றங்களும் கேட்டார். சபை இவற்றை ஏற்கவில்லை. ஏற்கப்பட்டது ஒன்றுண்டு: அரசியலமைப்பின் 15ஆம் பிரிவின் இரண்டாம் உட்பிரிவில், அரசு பணத்தில் பேணப்படும் கிணறு, குளம், படித்துறை, சாலை ஆகியவற்றை எவர்க்கும் சாதி பற்றி மறுத்தல் ஆகாது என்று எழுதப்பட்டுள்ளது. அதைப் படிக்கும்போது சவதார் குளம் நினைவுக்கு வாராதிருக்க முடியாது.

1956 டிசம்பர் 6ஆம் நாள் அண்ணல் மறைந்தார். எட்டாண்டு கழித்து அதே நாளில், அவர் தோழர் தாதாசாகேப் கெய்க்வாட் தலைமையில், தரிசு நிலம் நிலமற்றோர்க்கு வேண்டும் என்று நாடு தழுவிய அறப்போர் தொடங்கிற்று. பல்லாயிரவர் சிறை புகுந்தனர்.