ஆலன் லோமாக்ஸ்

ஆலன் லோமாக்ஸ் (ஜனவரி 31, 1915 - ஜூலை 19, 2002) அமெரிக்க நாட்டார் இசை ஆய்வாளரும் ஒலிப்பதிவுச் சேகரிப்பாளரும் ஆவார். உலகப் பாடல்களை நிலப்படத்தில் கண்டும் கேட்டும் தேட உதவும் குளோபல் ஜூக்பாக்ஸ் என்ற கணினிக் கருவியை உருவாக்க முனைந்தவர்.

இளமையும் சேகரிப்பும்

லோமாக்ஸ் டெக்சாசின் ஆஸ்டின் நகரில் பிறந்தார். தந்தை ஜான் லோமாக்சும் நாட்டார் பாடல்களைத் திரட்டியவரே. 1933 இல் இருவரும் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்துக்காகத் தென் மாநிலச் சிறைகளில் கறுப்பினக் கைதிகளின் பாடல்களைப் பதிவு செய்தனர். லெட் பெல்லி அவ்வாறு அங்கோலா சிறையில் அறியப்பட்டவர். 1941 இல் மடி வாட்டர்சை லோமாக்ஸ் பதிவு செய்தார். 1950களில் பிரித்தானியா, அயர்லாந்து, ஸ்பெயின், இத்தாலி ஆகிய நாடுகளிலும் பாடல்களைத் திரட்டினார்.

கான்டோமெட்ரிக்ஸ்

பதிவுகள் பெருகியபோது வேறொரு சிக்கல் எழுந்தது. நூலைப் புரட்டுவதுபோல் ஒலிநாடாவைப் புரட்ட இயலாது. பாடியவர் பெயரும் ஊரும் தரும் அட்டவணை, பாட்டு எவ்வாறு ஒலிக்கும் என்பதைக் கூறாது. இதற்கு விடையாகவும் அமைந்தது, 1960களில் விக்டர் கிராவருடன் இணைந்து அவர் உருவாக்கிய கான்டோமெட்ரிக்ஸ் முறை. ஒவ்வொரு பாடலையும் காதால் கேட்டு 37 கூறுகளில் மதிப்பிடுவர். குழுவின் குரல்கள் எவ்வளவு இழைகின்றன, தொண்டை எவ்வளவு இறுகுகிறது, சொற்கள் எவ்வளவு திரும்ப வருகின்றன என்பன அவற்றுட் சில. இசைக்குறியீடு அறியாதவரும் பயிற்சி பெற்று இதனைச் செய்யலாம். 1976 இல் இதற்கெனப் பயிற்சி ஒலிநாடாக்கள் வெளிவந்தன.

ஒரு சமூகத்துக்குச் சுமார் பத்துப் பாடல்களை மட்டும் கொண்டு பாடும் பாணியைச் சமூக அமைப்போடு தொடர்புபடுத்தியதை இசையியலாளர் பலர் கண்டித்தனர். இக்கண்டனம் புறக்கணிக்கத்தக்கதன்று. எனினும் ஒலியின் தன்மையைக் கொண்டே ஒலியைத் தேடலாம் என்பதற்கு இம்முறை வழிகாட்டியது.

குளோபல் ஜூக்பாக்ஸ்

வானொலியும் தொலைக்காட்சியும் சில பண்பாடுகளின் குரலையே பரப்புவதால் ஏனையவை அழியும் என லோமாக்ஸ் அஞ்சினார். 1972 இல் பண்பாட்டுச் சமத்துவத்தை வலியுறுத்தி எழுதினார். சிறு மக்களினங்கள் தம் இசையைத் தாமே மீட்டுக் கேட்கவேண்டும் என்பதே அவர் நோக்கம். மேசைக் கணினி ஒலியையும் நிகழ்படத்தையும் கையாளத் தொடங்கியதும், அதில் வழி பிறக்கும் என நம்பினார். உலகப்படத்தில் ஓரிடத்தைத் தெரிவு செய்தால் அங்குள்ள பாடலைக் கேட்கலாம், ஆடலைக் காணலாம், ஒத்த பாணியுடைய பிற நாட்டுப் பாடல்களுக்கும் செல்லலாம். ஆப்பிள் நிறுவனம் உள்ளிட்ட சிலர் இம்முயற்சிக்கு உதவினர்.

பக்கவாதத்தால் நலிந்து 1996 இல் ஓய்வு பெற்றார். கருவி பொதுமக்களை எட்டுமுன்பே 2002 இல் புளோரிடாவில் காலமானார். 2004 இல் அவரது சேகரிப்பு காங்கிரஸ் நூலகத்தைச் சேர்ந்தது. மகள் அன்னா லோமாக்ஸ் வுட்டின் முயற்சியால் குளோபல் ஜூக்பாக்ஸ் 2017 இல் இணையத்தில் வெளியிடப்பட்டது. அதில் 5,700 க்கும் மேற்பட்ட பாடல்கள் உலகப்படத்தின் மீது நிறப்புள்ளிகளாகக் காட்டப்பட்டுள்ளன.