பார்வை மங்கிய நாளில் பிறந்த நன்றிப் பாடல்

கையில் பறவை அமர்ந்திருக்க, காலடியில் ஓநாய் படுத்திருக்க, புன்னகையோடு நிற்கும் அசிசி நகர்ப் புனித பிரான்சிஸின் சுரூபத்தை நம்மில் பலர் பார்த்திருப்போம். கவலையே அறியாத மனிதர் போலும் என்று தோன்றும். சூரியனையும் நீரையும் நெருப்பையும் உடன்பிறப்புகளாக அழைத்து அவர் இறைவனுக்குப் பாடிய நன்றிப் பாடலும், இளவேனிற் காலையொன்றில் பசும்புல் வெளியில் உலாவியபடி பாடியதாகவே இருக்கும் என்று எண்ணிவிடுகிறோம். உண்மை வேறு.

இத்தாலி நாட்டு அசிசியில், செல்வம் மிக்க துணி வணிகர் ஒருவரின் மகனாக 1182-ஆம் ஆண்டையொட்டி அவர் பிறந்தார். பட்டாடை, விருந்து, ஆடல் பாடல், கூடிக் களிக்க நண்பர் கூட்டம், இவற்றில் ஒன்றுக்கும் குறைவில்லை. 1202-இல் பெரூஜியா நகரோடு நடந்த போரில் பிடிபட்டு ஏறக்குறைய ஓராண்டு சிறையில் கிடந்தார். ஊர் திரும்பியபின் நெடுநாள் நோய். சற்றே தேறி, கோலூன்றி வெளியே வந்து வயல்களையும் திராட்சைத் தோட்டங்களையும் பார்த்தபோது, முன்பு தமக்கு இன்பம் தந்த எதுவும் இப்போது மனத்தைத் தொடாதது கண்டு திகைத்தார். கண் நன்றாய்த் தெரிந்தது. வீட்டில் பணமும் இருந்தது. ஆனால் மனம் வறண்டு கிடந்தது. அவர் வாழ்க்கையில் இந்தக் காட்சியை நாம் எளிதாகக் கடந்துவிடக் கூடாது.

1206-இல் அசிசி ஆயரின் முன்னிலையில், உடுத்திய உடையையும் தந்தையிடமே திருப்பிக் கொடுத்துவிட்டு ஏழ்மையைத் தழுவினார். அதன்பின் அவருக்கென்று சொந்தமாக ஒரு பொருளும் இல்லை. ஆச்சரியம் என்னவென்றால், எல்லாப் பொருளும் அவருக்கு அருமையானது அதற்குப் பிறகுதான். கை கழுவும்போது, சிந்திய நீர் பிறர் காலில் மிதிபடாத இடமாகப் பார்த்துக் கழுவுவாராம். விறகு வெட்டும் சகோதரரிடம், மரம் மீண்டும் துளிர்க்குமாறு அடிப்பகுதியை விட்டுவைக்கச் சொல்வார். தோட்டம் போடுகிறவரிடம், காய்கறிக்கே எல்லா இடத்தையும் கொடுத்துவிடாமல் பூச்செடிக்கும் கொஞ்சம் ஒதுக்கச் சொல்வார். சமையற்கட்டு அறிந்த நம் தாய்மாருக்கு இந்த மனிதரை உடனே புரிந்துவிடும்!

1219-இல் அவர் எகிப்து சென்று சுல்தான் அல் காமிலைச் சந்தித்தார். அந்தப் பயணத்திலிருந்து கொடிய கண்நோயோடு திரும்பினார். 1224-இல் லா வெர்னா மலையில் கிறிஸ்துவின் திருக்காயங்களைத் தம் உடலில் பெற்றார். மறு ஆண்டு, புனித கிளாரம்மாளும் அவருடைய சகோதரிகளும் வாழ்ந்த சான் தமியானோ மடத்தை அடுத்து, பாய்களால் மறைத்த ஒரு சிறு குடிசையில் படுத்திருந்தார். ஐம்பது நாட்களுக்கும் மேலாகப் பகலில் சூரிய ஒளியையோ, இரவில் விளக்கொளியையோ கண்கள் பொறுக்கவில்லை. போதாக்குறைக்கு எலிகள்! உண்ணவும் விடவில்லை, செபிக்கவும் விடவில்லை, மேலேயும் ஏறி ஓடின. ஓர் இரவு, தம்மை நினைத்துத் தாமே இரங்கி, இதைத் தாங்கும் பொறுமையைத் தரும்படி ஆண்டவரிடம் மன்றாடினார். புனிதர்கள் வலியை உணராதவர்கள் அல்லர், மாணவியரே. விண்ணக மகிழ்ச்சி தமக்கு உறுதி என்ற ஆறுதல் அன்றிரவே அவர் உள்ளத்தில் பிறந்தது. விடிந்ததும் எழுந்து உட்கார்ந்து அந்தப் பாடலை இயற்றினார். அதில் முதலாவதாக இடம்பெற்ற படைப்பு எது தெரியுமா? எந்த ஒளி அவரை வதைத்ததோ, அந்தச் சூரியன்தான்.

கற்றோரின் லத்தீன் மொழியில் அன்றி, தம் ஊர் மக்கள் பேசிய மொழியிலேயே பாடினார். இத்தாலிய மொழியின் மிகப் பழைய கவிதைகளுள் ஒன்றாக அது இன்றும் போற்றப்படுகிறது.

பாடலில் நெருப்பும் அவருக்கு ஒரு சகோதரன். அந்த உறவுக்கும் சோதனை வந்தது. ரியேத்தி நகருக்கு அருகே மருத்துவர் ஒருவர், கண்ணுக்குச் சிகிச்சையாக, பழுக்கக் காய்ச்சிய இரும்பால் காதிலிருந்து புருவம்வரை சுட முடிவு செய்தார். பிரான்சிஸ் அந்த நெருப்பைப் பார்த்து, இதுவரை உன்னை நேசித்தேனே, இப்போது என்னிடம் சற்று இதமாக நடந்துகொள் என்ற பொருளில் வேண்டினார். உடனிருந்த சகோதரர்கள் பார்க்கப் பொறுக்காமல் வெளியே ஓடிவிட்டார்கள். அவரோ அசையாமல் இருந்தார். ஆனால் அந்தச் சிகிச்சையால் பயன் ஒன்றும் விளையவில்லை.

1226 அக்டோபர் 3-ஆம் நாள் மாலை, போர்சியுங்கோலா சிற்றாலயத்தின் அருகே, வெறுந்தரையில் அவர் உயிர் பிரிந்தது. அதற்குச் சில நாட்களுக்கு முன் அவருக்கு ஒரு சின்ன ஆசை. ரோமாபுரியில் ஜாக்கோபா என்னும் அம்மையார் பாதாம் பருப்பில் செய்து கொடுக்கும் இனிப்பைச் சாப்பிட வேண்டும்! அவருக்குக் கடிதம் எழுதி, அனுப்பும் முன்பே அம்மையார் அந்த இனிப்போடு வாசலில் வந்து நின்றார். பெண்கள் நுழையக் கூடாத இடமாயினும் அவருக்கு மட்டும் விலக்கு அளித்து உள்ளே அழைத்தார் பிரான்சிஸ். நோயின் கடுமையால் அதில் கொஞ்சமே உண்ண முடிந்தது. உண்ணும்போதே, இது சகோதரர் பெர்னார்துக்கு மிகவும் பிடிக்குமே என்ற நினைவு வந்தது. தொடக்கக் காலத்திலேயே தம் உடைமையை விற்று ஏழைகளுக்குக் கொடுத்துவிட்டு அவரோடு சேர்ந்துகொண்டவர் பெர்னார்து. உடனே ஆள் அனுப்பி அவரை அழைத்துவரச் செய்தார்.